பழைய கடலைப் பார்த்தவர்

பொம்மனஹள்ளிக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நெருக்கியடிக்கும் பகுதி இது. 2007ல் பெங்களூர் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்தது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை நேர அவஸ்தை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் மழைக்காலம் முடிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுகளில் இங்கிருந்து கடலுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. சுமார் 500 கி.மீ. பஸ் பயணம் செய்தால் முருதேஸ்வரம். அங்கிருந்து படகில் சுமார் 19 கி.மீ. போனால் நேத்ராணி தீவு. முதுகில் காற்று உருளையும் வாயில் குழாயுமாகத் தண்ணீருக்குள் இறங்கி, மீன்களையும் பவளங்களையும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மீண்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்கூபா டைவிங் இன்று பணக்காரர்களுக்கு மட்டுமான பொழுதுபோக்கு அல்ல. மாதச் சம்பளக்காரர்களும் சேமித்து வைத்துச் செலவழிக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் இந்த 38 வயதுப் பெண். சொந்த ஊர் தூத்துக்குடி. எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. பொம்மனஹள்ளியில் குடியேறி 12 வருடங்களாகின்றன. மூன்று வருடங்களுக்கு முன் அம்மா இறந்த பிறகு அப்பாவையும் இங்கே அழைத்து வந்துவிட்டார். அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. நடையில் சற்றுத் தள்ளாட்டம், காதில் சற்று மந்தம். பால்கனியில் நாற்காலியைப் போட்டு ஓசூர் சாலையின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய பகல் நேரத் தொழில்.

மகள் டைவிங் கற்றுக்கொண்டது பெங்களூரில் ஒரு நீச்சல் குளத்தில். முதல் நாள் சொல்லித்தரப்பட்ட முதல் விதி, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது என்பது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள்ளேயே விரிந்து கிழித்துவிடும். மூச்சு சீராகப் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூச்ச விட்டுக்கிட்டே முங்குனா அது என்னட்டி குளி?"

தூத்துக்குடிக்காரருக்கு அந்தச் சிரிப்பு நியாயமானதுதான். தமிழில் குளிப்பது என்றாலே ஒரு காலத்தில் மூழ்குவதுதான். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்ற சொற்களில் அந்தப் பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் மூச்சை அடக்கித்தான் கடலுக்குள் போனார்கள். 1943ல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னனும் தண்ணீருக்கடியில் தேவைக்கேற்பக் காற்று தரும் கருவியை உருவாக்கிய பிறகுதான் மூச்சு விட்டுக்கொண்டே நீந்துவது சாதாரண மனிதருக்குச் சாத்தியமாயிற்று.

அப்பா முத்தும் குளிக்கவில்லை, சங்கும் குளிக்கவில்லை. அவர் குளித்தது கல்லுக்காக. பதினைந்து வயதில் கடப்பாரையோடு வள்ளத்தில் ஏறியவர். தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவற்றைச் சுற்றி ஒரு பாகம், இரண்டு பாகம் ஆழத்தில் பவளப்பாறை கிடந்தது. மூழ்கிக் கடப்பாரையால் நெம்பி, பெயர்ந்த கல்லை வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து அது சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் போகும். பவளப்பாறை என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் நல்ல சுண்ணாம்பு.

மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. சங்க இலக்கியம் துகிர் என்று சொல்வது அந்தச் செம்பவளத்தை. நம் கடலில் பாறையாக வளரும் பவளத்துக்கு நகைக்கடையில் மதிப்பில்லை. அதனால் அதைக் கல் என்றே எடுத்தார்கள், கல் என்றே விற்றார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1972ல் வெளியிட்ட குறிப்பின்படி நாளொன்றுக்குச் சுமார் 250 கன மீட்டர்.

1986ல் தமிழக அரசு ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி, 560 சதுர கி.மீ. பரப்பைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆனாலும் கல் எடுப்பது நிற்கவில்லை. பகலில் போனவர்கள் இரவில் போனார்கள். 2001ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது சட்டத்தின் பார்வையில் பவளமும் புலியும் ஒன்று. அப்பா அந்த வருடம் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். மற்றவர்கள் இன்னும் சில காலம் தொடர்ந்தார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கரைக்கும் அலைக்கும் நடுவே பாறை எதற்காக நிற்கிறது என்பது கரையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. 2005க்குப் பின் கல் எடுப்பது ஏறக்குறைய நின்றே போயிற்று.

அதற்குள் இரண்டு தீவுகள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் மூழ்கின. அரணாக இருந்த பாறையைப் பெயர்த்த பிறகு அலை நேராகத் தீவின் மணலைத் தின்றது. காரைச்சல்லி 1969ல் 20 ஹெக்டேருக்கும் அதிகமாக இருந்தது. 2018ல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. வான் தீவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு, அதைச் சுற்றி சிமெண்டினால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடலிலிருந்து சுண்ணாம்பு எடுத்த கரையிலிருந்து இப்போது சிமெண்டு கடலுக்குப் போகிறது.

இந்தக் கதையெல்லாம் மகளுக்கு முழுதாகத் தெரியாது. அப்பா கடலுக்குப் போனவர் என்று தெரியும். கல் எடுத்தவர் என்றும் தெரியும். ஆனால் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. இருவரையும் பேசவைத்தது ஒரு வீடியோ.

2021ல் நேத்ராணியில் முதன்முறையாகக் கடலில் இறங்கியவர், 2023 பிப்ரவரியில் அந்தமானின் சுவராஜ் தீவுக்குப் போனார். ஹேவ்லாக் என்ற பழைய பெயரில்தான் டைவிங் செய்கிறவர்கள் இன்னும் அதைச் சொல்கிறார்கள். நான்கு நாட்களில் ஆறு முறை இறங்கினார். கடைசி நாள் முழுக்கக் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறப் பலமுறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருந்த பிறகே விமானம் ஏற வேண்டும் என்பது விதி. முருதேஸ்வரத்திலிருந்து மலையேறி பெங்களூர் திரும்பும்போதும் இதே போன்ற எச்சரிக்கை தேவைப்படுகிறது.

வீடு திரும்பியதும் தொலைக்காட்சியில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீல நிற வெளிச்சம், கூட்டம் கூட்டமாக மீன்கள், ஓர் ஆமை. பார்த்தவர்கள் எல்லாரும் வாய் பிளந்த காட்சிகள். அப்பா மட்டும் மீனைப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தார். மீன்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பரந்து கிடந்ததைக் காட்டி, "இது என்னது?" என்று கேட்டார்.

"தரைப்பா" என்றார் மகள்.

"தரை இல்லட்டி. சல்லில்லா இது."

செத்து உடைந்த பவளக் கொம்புகளின் குவியலுக்கு அவர் சொன்ன பெயர் சல்லி. காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்ற தீவுப் பெயர்களில் இருக்கும் அதே சல்லி. மகள் ஆறு முறை அதன் மேல் நீந்தியிருக்கிறார். அது கடலின் தரை என்று நினைத்திருந்தார். அது உயிரோடு இருந்த காலம் அவருக்குத் தெரியாது. அந்தமான் பவளங்கள் 2010லும் 2016லும் கடல் சூடேறியபோது பெருமளவில் வெளுத்தவை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டார்.

அன்று இரவு பேச்சு வளர்ந்தது. காரைச்சல்லிப் பக்கம் கால் வைக்க இடமில்லாமல் மான்கொம்பு மாதிரிப் பவளம் நின்றதை அப்பா சொன்னார். தண்ணீர் வற்றும் நாளில் வள்ளத்தின் அடியில் அது உரசும் சத்தத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்த மகளுக்கு ஒரு கட்டத்தில் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஒடைச்சதுதானேப்பா எல்லாம்?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "ஆமா. அந்தக் கல்லுலதான் நீ படிச்ச" என்றார். அதன் பிறகு இரண்டு நாட்கள் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பவளப்பாறைகளின் அழிவைப் பற்றிய எந்த நேர்மையான கணக்கிலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடம் உண்டு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது யாருக்கும் தனியாகச் சொந்தமானதல்ல.

பவளம் என்பது செடி அல்ல, கல்லும் அல்ல. சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டு வாழும் நுண்ணிய விலங்குகளின் கூட்டம். அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் அவை தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. அதன் நிறமும் அவை தந்ததே. கோடையில் கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. உடனே சாவதில்லை. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும். பிறகு கொம்புகள் உடைந்து சல்லியாகும்.

மன்னார் வளைகுடாவில் இதைக் கணக்கெடுத்துவருவது தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம். இங்குள்ள 110 சதுர கி.மீ. பவளப்பாறைப் பரப்பில் 32 சதுர கி.மீ. ஏற்கனவே சிதைந்துபோனது என்று 2003 முதல் 2005 வரை நடத்திய ஆய்வில் அது கண்டது. கல் எடுப்பது நின்ற பிறகு உயிருள்ள பவளம் கூடத் தொடங்கியது. 2005ல் சுமார் 37 சதவீதமாக இருந்தது 2009ல் 43 சதவீதத்தை நெருங்கியது. கடப்பாரையை எடுத்துவிட்டால் கடல் தன்னைச் சரி செய்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் 2010ன் வெப்பத்தில் அது 33 சதவீதத்துக்கு இறங்கியது. மறுபடி ஏறி 39ஐத் தொட்டது. 2016ன் வெப்பம் அதை 23க்குத் தள்ளியது. 2021ல் 27 சதவீதம். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து.

இது நம் கடலின் கதை மட்டும் அல்ல. ஸ்கூபா டைவிங்கின் சொர்க்கம் என்று அறியப்பட்ட கரீபியன் கடலில் இந்தக் கதை முன்பே நடந்து முடிந்தது. ஜமைக்காவின் பவளப்பாறைகளில் 1970களின் கடைசியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1980ல் ஆலன் சூறாவளி அடித்தது. பாசி மேயும் மீன்கள் முன்பே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த மேய்ச்சல்காரர்களான கருநிறக் கடல் முள்ளெலிகள் 1983ல் பரவிய நோயில் கூண்டோடு மடிந்தன. தடுப்பாரின்றி வளர்ந்த பாசி பவளத்தை மூடிவிட்டது.

அதே கடலில் பொனேர் என்ற சின்னத் தீவு இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 1979லேயே தன்னைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக அறிவித்தது. நங்கூரம் போடத் தடை விதித்தது. 1992 முதல் டைவிங் செய்கிறவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் பூங்காவைப் பராமரித்தது. எதையும் தொடாதே, துடுப்பால் உதைக்காதே என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் தண்ணீரில் இறக்கியது. கட்டுப்பாடு பலன் தந்தது. அண்டைத் தீவுகளின் பாறைகளைவிட அதன் பாறைகள் நன்றாக இருந்தன. 2023ல் பவளத்தின் தசையை உரிக்கும் கொடிய நோய் அங்கேயும் வந்து சேர்ந்தது. அந்த வருடம் கரீபியன் முழுவதும் கடல் கொதித்தது. ஒழுங்காக நடந்துகொண்ட தீவு என்று வெயில் விட்டுவைக்கவில்லை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். லட்சத்தீவும் அந்தக் கோடையில் தப்பவில்லை.

பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் 70 முதல் 90 சதவீதப் பவளப்பாறைகள் போய்விடும், 2 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும் என்று ஐ.நா. பருவநிலைக் குழு 2018ல் சொன்னது. அந்த வெப்பத்தில் காளவாய்ப் புகையும் உண்டு, மகள் ஏறிய விமானத்தின் புகையும் உண்டு. கடப்பாரை செய்த சேதத்தைக் கண்ணால் பார்க்கலாம். விமான டிக்கெட் செய்யும் சேதத்தை, அதை வாங்கியவரே வருடங்கள் கழித்துக் கடலுக்குள் போய்ப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. அது தரை போலத்தான் இருக்கும்.

தரை என்று நினைத்ததற்காக மகளைக் குறை சொல்ல முடியாது. மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்துதான் இழப்பைக் கணக்கிடுகிறது. அதற்கு முன் போனது கணக்கிலேயே வருவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள பொம்மனஹள்ளியைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல். இந்தத் தெரு ராகி வயலாக இருந்ததும், ஏரியிலிருந்து வாய்க்கால் வந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. கன்னடத்தில் அவர் சொல்ல, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தூத்துக்குடிக்காரர் தலையாட்டுவார். மாடியில் குடியிருக்கும் இளைஞர்களுக்கு இது எப்போதும் கட்டடங்களாலான இடம்தான். அவர்கள் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை.

இரண்டு நாள் மௌனத்தை முதலில் உடைத்தது அப்பாதான். "அடுத்து எங்க போற?" என்று கேட்டார். லட்சத்தீவு என்றார் மகள். டைவிங் செய்கிறவர்களின் வழக்கம் அது. பார்த்த இடத்தை மறுபடி பார்ப்பதில்லை. எத்தனை கடல், எத்தனை தீவு என்று எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான் பெருமை.

"அங்க எதுக்கு? போன எடத்துக்கே போ" என்றார் அப்பா. "புது எடத்துல உனக்கு என்ன தெரியும்? எல்லாம் அழகாத்தான் இருக்கும். ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாத்தான் என்ன கொறஞ்சிருக்குன்னு தெரியும்."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரின் இந்த யோசனையைத்தான் கடல் விஞ்ஞானிகளும் செய்கிறார்கள். பாறையின் மேல் அளவு நாடாவை நீட்டி, அதன் அடியில் உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். லட்சத்தீவில் 1998 முதல் இப்படித் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால்தான், அங்கே 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளம் 2022ல் 19 சதவீதமாகிவிட்டது என்பது இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. ஒருமுறை மட்டும் போயிருந்தால் அழகான கடல் என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள்.

டைவிங் செய்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருக்கும். இறங்கிய இடம், ஆழம், நேரம், தண்ணீரின் வெப்பம் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டம் உண்டு. மகள் தன் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது அப்பா சொல்வதை எழுதிவைக்கிறார். காரைச்சல்லிக்குக் கிழக்கே இரண்டு பாகம் ஆழத்தில் என்ன இருந்தது, காசுவாரில் எந்த மாதம் தண்ணீர் தெளியும், எந்தக் கல் எளிதில் பெயரும், எது பெயராது. சில நாட்கள் ஒரு வரி, சில நாட்கள் ஒரு பக்கம். அப்பா எதையும் மறைப்பதில்லை. எத்தனை வள்ளம் கல் ஏற்றினோம் என்பதையும் எழுதச் சொல்கிறார். அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் மகள் அங்கே இறங்க முடியாது. அப்பாவின் வயதுக்கு அவராலும் இனி இறங்க முடியாது. காரைச்சல்லியைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருக்கும் செய்தியைப் படித்துக் காட்டியபோது, அப்பா அந்த இடத்தின் நீரோட்டத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

லட்சத்தீவுப் பயணம் ரத்தாகிவிட்டது. வரும் பிப்ரவரியில் ஹேவ்லாக்கில் அதே இடத்துக்கு மகள் மறுபடி போகிறார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிகிறது. பார்த்ததையே பார்க்க இவ்வளவு செலவா என்று கேட்கிறார்கள். அப்பா மட்டும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வீடியோவில் அந்தச் சல்லியின் ஓரத்தில் கையகலக் கொம்புப் பவளம் ஒன்று பழுப்பு நிறத்தில் தெரிந்தது. உயிரோடு இருந்தது. மகள் அதைப் படம் எடுத்ததுகூடத் தெரியாமல் எடுத்திருந்தார்.

"மீனை எல்லாம் அப்புறம் பாரு" என்கிறார் அப்பா. "அந்தக் கொம்பு எத்தன வெரக்கட வளந்திருக்குன்னு மொதல்ல பாத்துட்டு வா."